பஞ்சு அடைத்த சுவர்

ராஜபாளையத்துக்காரன் எவனைக் கேட்டாலும் சத்தத்துக்கு மருந்து பஞ்சு என்பான். மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓடுகிற இடத்தில் காதில் பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டு வேலை பார்த்த ஊர் இது. அப்பன் வைத்தான், மகனும் வைத்தான். காதுக்கு ஆகிறது சுவருக்கு ஆகாதா என்று நினைப்பு. காதுக்கே ஆகவில்லை. எனக்கு இடது காது கேட்காது. பதினோரு வருசம் பஞ்சு வைத்த காது அது.

போன வாரம் ஒருத்தர் போன் செய்தார். செட்டியார்பட்டிக்காரர். கீழே மாவு மில், மேலே வீடு. படுக்கிற அறைக்குச் சத்தம் வராமல் பண்ண வேண்டுமாம்.

"அண்ணாச்சி, சுவத்துக்கும் பலகைக்கும் நடுவுல பஞ்சைத் திணிச்சிரலாம்னு இருக்கேன். எம்புட்டுப் பஞ்சு பிடிக்கும்?"

"பஞ்சு வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"சொன்னாக் கேளுங்க."

"என்ன அண்ணாச்சி, செல்லைத் திறந்தா ஒருத்தன் முட்டை அட்டைங்கான், ஒருத்தன் ஸ்பாஞ்சுங்கான். அவனாவது அரை மணி நேரம் பேசுதான். நீங்க இம்புட்டு வருசம் வேலை பாத்துட்டு ரெண்டு வார்த்தையில முடிக்கிய?"

போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் பேசுகிறவன் இல்லை. எங்கள் தச்சு வேலைக்காரர் சங்கத்து மலருக்கு எழுதிக் கொடு என்று ரெண்டு வருசமாகக் கேட்கிறார்கள். எட்டாவது படித்தவன் என்ன எழுதுவது என்று இருந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன். நல்லபடியாக எழுத வராது. கோபமாகத்தான் வரும்.

நான் வேலை பழகிய கதை நாலு வரிதான். மில்லில் முதலில் மிக்ஸிங்கில் பஞ்சு பிரித்தேன். பிறகு ரிங் பிரேம். மில் ஷிப்ட்டைக் குறைத்தபோது வெளியே வந்தேன். மச்சினன் கொண்டுபோய் முத்தையா அண்ணாச்சியிடம் விட்டான். அவர் பார்ட்டிஷன், சீலிங், சத்தம் தடுக்கிற அறை எல்லாம் எடுத்துச் செய்கிற காண்ட்ராக்டர். பல வருசம் அவரிடம் இருந்தேன்.

மிக்ஸிங்கில் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பஞ்சுத் தீ மற்றத் தீ மாதிரி இல்லை. மேலே தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். உள்ளே உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை ஒரு பேலில், இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியில், பொறி விழுந்தது. அணைத்தோம். நனைத்து ஓரமாகத் தள்ளினோம். மூன்றாம் நாள் அதிலிருந்து புகை வந்தது. அதனால் மில்காரர்கள் பேலைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்போம். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், சூடு தெரியாது. புறங்கையில் தெரியும்.

இந்த ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. அங்கேதான் என் கோபம். தெரியாமல் செய்திருந்தால் கோபப்பட ஒன்றும் இல்லை.

முத்தையா அண்ணாச்சி குட்டையான ஆள். சத்தம் போட்டுப் பேச மாட்டார். வேலைக்குப் போன வீட்டில் உட்காரவும் மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போவார். நடுவில் நின்று கண்ணை மூடுவார். கால் மணி நேரம் அப்படியே நிற்பார். வீட்டுக்காரர் ஏதாவது சொல்ல வந்தால் கையை மட்டும் தூக்குவார். பிறகு சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். கடைசியில் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்துவார். கதவு நிலை, ஜன்னல் ஓரம், வயர் வருகிற ஓட்டை, எல்லா இடத்திலும் காட்டுவார். புகை எங்கே சாய்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு புள்ளி வைப்பார். காற்று போகிற வழியில் சத்தம் போகும். அந்தப் புள்ளிகளை அடைக்காமல் சுவரில் என்ன செய்தாலும் வீண்.

அவரிடம் படித்தது இவ்வளவு. முதலில் எந்தச் சத்தம் என்று பார். அறைக்குள் பேசினால் எதிரொலிக்கிறது என்றால் அது ஒரு வியாதி. வெளியிலிருந்து சத்தம் வருகிறது என்றால் அது வேறு வியாதி. ஸ்பாஞ்சும் கெட்டித் திரையும் முதல் வியாதிக்கு. வெளிச் சத்தத்துக்கு அது ஒன்றும் செய்யாது. முட்டை அட்டை எதற்கும் ஆகாது, கரப்பான் பூச்சிதான் அடையும். வெளிச் சத்தத்துக்குக் கனம் வேண்டும். கனமான பலகை ரெண்டு அடுக்கு. ஒரு அடுக்கின் இணைப்பு மேல் இன்னொரு அடுக்கின் இணைப்பு வரக் கூடாது. அந்தப் பலகை பழைய சுவரைத் தொடவும் கூடாது. தனிச் சட்டத்தில் நிற்க வேண்டும். சட்டத்துக்கு அடியில் ரப்பர். நடு இடைவெளியில் ராக்வூல். அது கல்லை உருக்கி நூலாக இழுத்தது, எரியாது. ஓரம் முழுக்க சிலிகான். கதவு உள்ளே பொள்ளல் இல்லாத முழுக் கட்டைக் கதவு, சுற்றி ரப்பர் பீடிங். எல்லாம் முடிந்தபின் காற்று வந்து போக ஒரு வழி. மறந்தால் உள்ளே இருக்கிறவனுக்கு மூச்சு முட்டும்.

இதற்கெல்லாம் முந்தி ஒன்று இருக்கிறது. சத்தம் பிறக்கிற இடத்தில் அதைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது. முடிந்தால் பாதி வேலை மிச்சம்.

எந்த வீட்டிலும் அவர் இதில் ஒரு இஞ்சு விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு டாக்டர் வீட்டில் ஒரு அடுக்குப் பலகை போதும் என்றதற்குச் சாமானைத் திரும்ப வண்டியில் ஏற்றியவர். அவரைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன். பெருமையும் பட்டிருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் குருசாமி என்கிறவர் வீட்டு வேலை வந்தது ஏழெட்டு வருசம் முன்னால். பேண்டேஜ் துணியும் ஆஸ்பத்திரிப் பஞ்சும் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னாலேயே தறி ஷெட். எட்டுத் தறி. வீட்டுக்கும் ஷெட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டி நாலு தறி.

அவர் மகன் கணேசன் ராணுவத்தில் இருந்தவர். மலையில் வண்டி கவிழ்ந்து தலையில் அடி, முதுகிலும் அடி. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. சத்தம் கேட்டால் தலையைப் பிடித்துக்கொண்டு உடம்பு நடுங்கும். தறி ஓடுகிற வீட்டில் அவர் எப்படி இருப்பார்? டாக்டர் சத்தமில்லாத அறை வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

முத்தையா அண்ணாச்சி அறை நடுவில் நின்றார். கண்ணை மூடினார். கட்டிலில் கணேசன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவர் மனைவி ஜோதி தலைமாட்டில் நின்று ரெண்டு கையாலும் அவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வெளியே வந்து ஷெட்டுக்குள் போனார். சுவரில் கையை வைத்தார். தறி அடிக்கிற அடி கையில் ஏறியது. என் வலது காதுப் பக்கம் வந்து சொன்னார்:

"நாலு தறியையும் எதிர்ச் சுவத்துப் பக்கம் தள்ளிப் போட்டா முக்காவாசிச் சத்தம் போயிரும்லே."

"அப்ப அதைச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்ல? பொண்ணு குடுத்த வீடு."

குருசாமியின் தம்பி மகனுக்கு அண்ணாச்சி தன் மகளைக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கம் பெண் கொடுத்தவன் அந்த வீட்டில் மறுத்துப் பேச மாட்டான். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றாலும் நன்றாக இருக்கிறது என்பான். அதை மரியாதை என்று சொல்வார்கள்.

தறியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சாமான் பட்டியலை மட்டும் கொடுத்தார். குருசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது என்னது, ராக்வூலு?"

"கல்லுல செய்த பஞ்சு மாதிரி. மதுரையில இருந்து வரணும்."

"அட என்ன சம்பந்தி நீங்க! பின்னால மூட்டை மூட்டையாக் கழிவுப் பஞ்சு கெடக்கு. பஞ்சுக்காரன் வீட்டுக்குக் கல்லுப் பஞ்சு வாங்கியாந்தாம்னு ஊரு சிரிக்கும்லா. எங்கூட்டுப் பஞ்சையே வச்சு அடைங்க."

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். முத்தையா அண்ணாச்சியும் சிரித்தார். "ஆகட்டும்" என்றார்.

டாக்டர் வீட்டில் சாமானைத் திரும்ப ஏற்றிய அதே ஆள்.

பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, பஞ்சைச் சுவத்துக்குள்ள வைக்கக் கூடாது. நான் மிக்ஸிங்ல இருந்தவன். சொல்லுதேன்."

"தெரியும்லே."

"தெரிஞ்சா?"

"சுவத்துக்குள்ள யாரு போயித் தீ வைக்கப் போறா? பலகை போட்டு மூடிட்டா எங்கிட்டுப் பொறி வரும்?"

"வயரு போகுதுல்லா."

"ஏலே வேலு, ஒனக்கு இம்புட்டுப் பேச்சு எங்க இருந்து வந்துச்சு? சொன்னதைச் செய்யி."

செய்தேன். என் கையால்தான் செய்தேன். யாரும் என் கழுத்தைப் பிடித்துச் செய்யச் சொல்லவில்லை. முத்தையா அண்ணாச்சி மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் என் மேலும் உண்டு.

சட்டம் அடித்தோம். அடியில் ரப்பர் வைத்தோம். அதில் எல்லாம் குறை இல்லை. பிறகு மூட்டையைப் பிரித்துப் பஞ்சை உதறி, சட்டத்துக்குள் வைத்து, கட்டையால் இடித்து இறுக்கினேன். இறுக்காவிட்டால் நாளாக நாளாகக் கீழே இறங்கி மேலே பொள்ளல் விழும். ஏசிக்கு வயர் இழுக்க ஷெட் எலக்ட்ரீஷியன் வந்தான். பைப் போடாமல் பஞ்சுக்குள்ளேயே விட்டான். வயர் எட்டாத இடத்தில் முறுக்கி இணைத்து டேப் சுற்றினான். பைப் போடச் சொன்னேன். "மொதலாளி கேக்கல, ஒமக்கு என்னவே?" என்றான். முத்தையா அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். நான் பலகையை வைத்துத் திருகு முறுக்கினேன்.

வேலை முடிந்தது. கதவைச் சாத்தினோம். எட்டுத் தறியும் ஓடியது. உள்ளே வண்டு முரல்கிற அளவுதான் கேட்டது. கணேசன் அன்றைக்கு மத்தியானம் அசந்து தூங்கினார். அடிபட்டபின் பகலில் தூங்கியது அதுதான் முதல் தடவை என்று ஜோதி அழுதது. குருசாமி எனக்குப் பால்கோவா கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அதையும் மறக்கவில்லை.

போன் மணிச் சத்தம் கணேசனுக்கு ஆகாது என்று போனை வெளியே எடுத்துவிட்டார்கள். அழைப்பு மணி ஒன்று வைக்க வேண்டும் என்றேன். "அதான் ஜோதி மணிக்கொருக்கப் பாத்துக்கிடுதுல்லா" என்றார் குருசாமி. அதையும் விட்டுவிட்டோம்.

மூன்று மாசம் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. முத்தையா அண்ணாச்சியிடம் ரெண்டு தடவை பேச்செடுத்தேன். ரெண்டு தடவையும் "ம்" என்றார். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். கதவு ரப்பர் பிசிறியிருக்கிறதா பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் ஜோதி எதிரே வந்தது. கையில் பை. கணேசனின் காகிதம் ஒன்றுக்காகத் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தது.

"வாங்கண்ணே. நல்ல வேளை வந்திய. ரெண்டு நாளா அந்த ரூமுல துணி தேய்ச்ச மாதிரி ஒரு வாடை. மாமாட்ட சொன்னேன். பஞ்சு வாடைதாங்காரு."

"எப்ப போன நீ?"

"ஒம்பது மணி இருக்கும்."

மணி பதினொன்றேகால். நான் ஓடினேன். அது என் பின்னால் ஓடி வந்தது.

கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடித்தது. தடித்த புகை இல்லை. சுவிட்ச் பெட்டி ஓட்டையிலிருந்து மெல்லிசாக வந்து அறை முழுக்க நின்றிருந்தது. கணேசன் கட்டிலிலிருந்து பாதி உடம்பு கீழே விழுந்து, கையால் ஊன்றிக் கதவுப் பக்கம் நகர்ந்திருந்தார். வாய் அசைந்தது. குரல் வரவில்லை. நானும் ஜோதியும் போர்வையோடு அவரைச் சுருட்டி இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம். கூடத்துக்கு வந்ததும் தறிச் சத்தம் அடித்தது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு துடிக்க ஆரம்பித்தார். "அண்ணே, தறிய நிறுத்துங்கண்ணே!" என்று ஜோதி கத்தியது.

மெயினை இறக்கினேன். எட்டுத் தறியும் நின்றது. தெருவே நின்ற மாதிரி இருந்தது.

குருசாமி ஷெட்டிலிருந்து வந்தார். "எவம்லே மெயினை எறக்குனது?"

"நான்தான். சுவத்துக்குள்ள தீ."

"சுவத்துல எங்கலே தீ? எரியுதா? கண்ணுக்குத் தெரியுதா?"

"கைய வச்சுப் பாருங்க. புறங்கைய."

வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவர் பஞ்சில் பிறந்து பஞ்சில் வளர்ந்த ஆள்.

உடனே பலகையைப் பெயர்க்கக் கூடாது. காற்று பட்டால் குப்பென்று பிடிக்கும். தீயணைப்புக்குப் போன் போடச் சொன்னேன். தறிக்காரர்களை வரிசையாக நிறுத்தி வாளிகளை நிரப்பி வைத்தோம். சாக்கை நனைத்தோம். கீழே ஒரு சாண் ஓட்டை போட்டு, நனைந்த சாக்கால் மூடிக்கொண்டே தண்ணீர் விட்டோம். பிறகு அதற்கு மேலே இன்னொரு சாண். அப்படியும் ஒரு இடத்தில் பிடித்துச் சீலிங் வரை போனது. அதில் என் முன்னங்கை வெந்தது. தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. நான் இடித்து இறுக்கிய பஞ்சு கரியாக, ஈரமாக, அள்ள அள்ள வந்தது. நடுவில் அந்த முறுக்கிய வயர் உருகிக் கிடந்தது. பஞ்சை முற்றத்தில் பரப்பி ரெண்டு நாள் கூடவே இருந்து கிளறிவிட்டேன். நம்ப முடியாது அதை.

கணேசனைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். தொண்டை கட்டிக் காற்றாகத்தான் பேசினார்.

"ஒம்பதரைக்கே பொகை வந்துட்டு அண்ணே. கத்தினேன். கட்டிலத் தட்டினேன். டம்ளரை விட்டுச் சுவத்துல எறிஞ்சேன்." கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சிரித்தார். "ஒங்க வேலை சுத்தம்ணே. சுவத்துக்கு அந்தப் பக்கம் பத்துப் பேரு நிக்காவ. ஒருத்தருக்குக் கேக்கலையே."

நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

மூன்று மணிக்கு முத்தையா அண்ணாச்சி வந்தார். கரிச் சுவர் முன்னால் நின்றார். கண்ணை மூடவில்லை. குருசாமிக்கு அதற்குள் உயிர் வந்திருந்தது.

"பாத்தியளா சம்பந்தி, ஒங்க ஆளு வேலை செஞ்ச லட்சணத்தை. வயருல ஆணிய எறக்கியிருக்கான். எம்மவன் உயிரு போகப் பாத்துது."

அண்ணாச்சி குனிந்து அந்த வயரை எடுத்தார். முறுக்கிய இணைப்பைத் திருப்பிப் பார்த்தார். ஆணி பட்ட வயரும் முறுக்கு எரிந்த வயரும் ஒன்றல்ல. என்னைவிட அவருக்குத் தெரியும். வயரைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏலே வேலு, சம்பந்திட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுரு. விசயம் அம்புட்டோட முடியட்டும்."

என் வாழ்க்கையில் நான் நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"ஆணி இல்ல. அண்ணாச்சிக்குத் தெரியும். பஞ்சு வைக்கக் கூடாதுன்னும் தெரியும். பட்டியல்ல கல்லுப் பஞ்சு எழுதினது அவருதான். நீங்க பஞ்சு வைன்னிய. இவரு பொண்ணு குடுத்த வீடுன்னு சிரிச்சாரு. நான் சோத்துக்குப் பயந்து வச்சேன். மூணு பேருந்தான் தீ வச்சோம். மொதக் கூத்தே வேற. நாலு தறியத் தள்ளிப் போட்டா முக்காவாசிச் சத்தம் போயிரும்னு மொத நாளே எங்கிட்டச் சொன்னாரு. ஒங்ககிட்டச் சொல்ல வாயி வரல."

குருசாமி முத்தையா அண்ணாச்சியைப் பார்த்தார். "நெசமா சம்பந்தி?"

அவர் சொன்னது: "ஒங்களுக்கு வருத்தமாயிருமேன்னு."

ஒரு மனிதன் உயிரோடு வேகப் பார்த்திருக்கிறான். இவருக்குச் சம்பந்தி வருத்தம்.

ஜோதி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வந்தது. மாமனார் முன்னால் அது சத்தமாகப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"பொண்ணு குடுத்தவரு பேச மாட்டாரு. நான் இந்த வீட்டுக்கு வந்த பொண்ணு, நான் பேசுதேன். நாலு தறியும் அந்தப் பக்கம் போகட்டும். இல்லைனா இவியளத் தூக்கிட்டு நான் சேத்தூருக்கு எங்கம்மை வீட்டுக்குப் போயிருதேன். அங்கன தறி கெடையாது. எருமைதான் கத்தும். அது கத்தினா நாலு பேரு எந்திச்சு வருவாவ."

குருசாமி, "தறிக்கு அடித்தளம் போட்டிருக்கு தாயி, வெளையாட்டா?" என்றார்.

தறிக்காரர்களில் ஒரு பெரியவர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நாலு தறிதான மொதலாளி. கடப்பாறையப் போட்டா மூணு நாளு."

குருசாமி தலையில் கையை வைத்து உட்கார்ந்தார். மறுநாள் கடப்பாறை போட்டார்கள்.

முத்தையா அண்ணாச்சியிடம் அதன்பின் நான் வேலைக்குப் போகவில்லை. அவர் ஆள் விட்டார். போகவில்லை. அவர் தவறியபோது போய்த் தலைமாட்டில் நின்றுவிட்டு வந்தேன். வேலை கற்றுக்கொடுத்தவர், அதற்காக. கோபம் தீரவில்லை. செத்தவர் மேல் கோபம் கூடாது என்பார்கள். எனக்கு இருக்கிறது.

குருசாமி வீட்டு வேலையை நானே முடித்துக் கொடுத்தேன். தறி ஒவ்வொன்றின் காலுக்கும் கெட்டி ரப்பர் வைத்தேன். நாலு தறி அந்தப் பக்கம் போனதும், வெறும் சுவரிலேயே முக்கால்வாசிச் சத்தம் அடங்கிப்போயிருந்தது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் அந்தப் பஞ்சுச் சுவரே வேண்டியிருக்காது. மிச்சத்துக்கு ராக்வூல் வைத்து, ரெண்டு அடுக்குப் பலகை போட்டேன். வயரைச் சுவருக்கு வெளியே பைப்பில் கொண்டுபோனேன். கட்டில் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்தேன். அமுக்கினால் அடுப்படியிலும் ஷெட்டிலும் சிவப்பு பல்பு எரியும்.

கடைசியாகக் கதவை மாட்டினேன். சாத்திப் பார்க்கலாம் என்று இழுத்தேன்.

"சாத்தாதீய" என்றார் கணேசன்.

"தறி ஓடுது. கேக்குமே."

"கேக்கத்தான் செய்யுது." நெற்றியில் வியர்வை நின்றது. ரெண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தார். "அது கேட்டுட்டுப் போகுது. நான் கூப்பிட்டா அவியளுக்குக் கேக்கணும்லா."

"பொத்தான் இருக்குல்லா."

"கரண்டு போனா?"

கதவை விட்டுவிட்டேன். எத்தனை நாளில் அந்தக் கதவைச் சாத்த விட்டார் என்று தெரியாது. நான் இருந்தவரை சாத்தவில்லை.

அதன்பின் ஓய்வு பெறும் வரை எத்தனையோ அறை பார்த்தேன். உள்ளே போய் நின்றதும் முதலில் கேட்பது, யார் இதற்குள் இருக்கப் போகிறார், அவர் கூப்பிட்டால் யாருக்கு எப்படித் தெரியும் என்று. பலகை, ராக்வூல் எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு வீட்டுக்காரர், "ஒமக்கு எதுக்குவே அது? வந்த வேலையப் பாரும்" என்றார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

செட்டியார்பட்டிக்காரர் இதைப் படித்தால், அந்த அறைக்குள் யார் படுக்கப் போகிறார், கூப்பிட்டால் யாருக்குத் தெரியும் என்று முதலில் எனக்குச் சொல்லட்டும். பிறகு பேசலாம்.